பெஞ்சில் ஒரு பை

எட்டாம் வகுப்பில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒருத்திக்குத் தாகம் எடுத்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இன்னொருவனுக்கு வயிறு வலித்தது. பென்சில் விழுந்ததென்று குனிந்தவன் மேஜைக்கு அடியிலேயே தங்கிவிட்டான். கரும்பலகையில் சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினால், பெஞ்சுகளுக்கு அடியில் கால்கள் தையல் மெஷினை மிதிப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தன.

கணக்கு டீச்சர் ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடுகூடப் போடமாட்டார். அதனால் பிள்ளைகளுக்கு அவர் 'ஸ்கேல் டீச்சர்'. அந்தப் பெயரை வைத்தவள் குண்டூசி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை, அதனால் அவளுக்கு அந்தப் பெயர். விடுமுறையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பள்ளி திறந்த அன்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மௌன அஞ்சலி நடத்தினார்கள். அதோடு முடிந்தது. வகுப்பில் இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், பரீட்சை வருகிறது, பிள்ளைகள் தாமாக மறந்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். டீச்சரும் தலையாட்டினார். உண்மையில் அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. துக்கம் விசாரிக்க அவருக்கு என்றைக்குமே நாக்கு எழாது.

ஆனால் மனசு அடங்கவில்லை. வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றார். பால் பொங்கி வழிந்தது. துடைக்கப் போனவர் துணியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினார். கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி ஏன் இப்படி அலையுற என்று கணவர் கேட்டார். 

குண்டூசியின் பக்கத்தில் உட்கார்ந்தவள் நெட்டை. வகுப்பிலேயே உயரமானவள். இப்போது அந்தக் காலி இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டு, அதன்மேல் கையையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நோட்டில் ஒரு எழுத்துகூட ஏறுவதில்லை. அன்று டீச்சர் பொறுமை இழந்தார். பையைக் கீழே வைக்கச் சொன்னார். பின் பெஞ்சில் இருந்த பெண்ணை அங்கே வந்து உட்காரச் சொன்னார்.

நெட்டை எழுந்தாள். "அது அவ இடம், டீச்சர்" என்றாள். கத்தவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வகுப்பே டீச்சரைப் பார்த்தது. யாரும் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் நெட்டையின் பின்னாலேயே ஓடினார். குழாயடியில் இல்லை. கழிப்பறையில் இல்லை. சைக்கிள் கொட்டகையில் காவலாளி உதட்டைப் பிதுக்கினார். கேட் திறந்து கிடந்தது.  தெருவை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே ஓடி, மாடிப்படி ஏறி, இறங்கி, கடைசியில் கூட்ட அரங்கின் மேடைக்குப் பின்னால் அவளைக் கண்டுபிடித்தார். மடக்கி அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருமே அவளப் பத்திப் பேச மாட்டேங்கறீங்க" என்றாள் நெட்டை. "அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ அவ பேரு வர்ற இடத்துல நீங்க ஒரு மாதிரி முழுங்கிட்டு அடுத்த பேருக்குப் போயிடறீங்க. அவ இருந்தாளா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. மீதியையும் அவளே சொன்னாள். விடுமுறைக்கு முன்னால் இருவருக்கும் சண்டை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோது, சும்மா நடிக்கிறாள் என்று நினைத்து நெட்டை பார்க்கப் போகவில்லை. அதன்பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

உன் மேல் தப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் அது இவள் காதில் ஏறாது என்று டீச்சருக்குத் தோன்றியது. "எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. அதான் பேசாம இருந்துட்டேன்" என்றார். "வா, கிளாசுக்குப் போலாம். இன்னிக்குக் கணக்கு வேண்டாம்."

வகுப்பில் கரும்பலகையை அழித்துவிட்டு, குண்டூசியைப் பற்றி யார் எது சொன்னாலும் சரி, சொல்லப் பிடிக்காதவர்கள் சும்மா இருக்கலாம், வெளியே போக நினைப்பவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.  ஒருவன் எழுந்து, தன்னைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டுத் தன்னைவிட அதிக மார்க் வாங்கியவள் அவள் என்றான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், மடை திறந்தது. சிரித்தவர்களே அழுதார்கள். அழுதவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே அடுத்த கதையைச் சொன்னார்கள். தலைமையாசிரியர் நடப்பதுபோல அவள் நடந்து காட்டுவாள் என்று ஒருத்தி ஆரம்பித்தபோது, வாசலில் தலைமையாசிரியரே நின்றார்.

 என்ன நடக்கிறது இங்கே என்று அவர் கேட்டார்.

"சொன்னத மீறிட்டேன், சார்" என்றார் டீச்சர்.  "மறந்துடுவாங்கன்னு நினைச்சோம். இவங்க மறக்கல. இத மனசுல வச்சுக்கிட்டு இவங்களால ஒரு வரி படிக்க முடியல. என்னாலயும் பாடம் நடத்த முடியல."

அவர் டீச்சரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி நடந்து காட்டுவா?" என்றார்.

 நெட்டைதான் எழுந்து வந்தாள். கைகளைப் பின்னால் கட்டி, முகவாயைத் தூக்கி, ஒரு தோளைச் சாய்த்து ஜன்னல்வரை நடந்தாள். அச்சு அசல் அவரேதான். தலைமையாசிரியர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மணி அடிக்கும்வரை அப்படியே நின்றார்.

அதற்காக மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விட்டார்கள். நெட்டை சில நாள் பாடத்தின் நடுவே டீச்சரிடம் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே போவாள், முகம் கழுவிக்கொண்டு வருவாள். ஆனால் வருவாள். பக்கத்தில் யார் உட்காருவது என்பதை அவளிடமே விட்டார்கள். கொஞ்சநாள் யோசித்துவிட்டு, அந்தப் பின் பெஞ்சுப் பெண்ணையே கூப்பிட்டுக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை டீச்சரும் நெட்டையுமாகக் குண்டூசியின் வீட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் டீச்சர் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். கதவைத் திறந்த அம்மாவிடம், ஒத்திகை எதுவும் பார்க்காத நெட்டை, "நாங்க சண்டை போட்டிருந்தோம், ஆன்ட்டி. அதான் வரல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"சண்டையா? என்கிட்ட தினமும்தான் போட்டா" என்றார் அந்த அம்மா. அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "சாப்பிட்டியாடி?"

டீச்சர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். வாரைக் கழற்ற வெகுநேரம் பிடித்தது.