திருத்திய பதிப்பு

இறந்து பன்னிரண்டு ஆண்டுகளான யதீசன், சிங்கப்பூர் கஃப் ரோட்டில் அதீஃபின் கைப்பேசிக் கடையை ஒட்டி மாடிக்குப் போகும் மரப்படியில், ஒன்பது வயதுப் பிள்ளையாக, விரித்த குடையோடு வந்து நின்றான். காலையில் கடை திறக்க வந்த அதீஃப்தான் முதலில் பார்த்தார். அவருடைய மனக்குறையெல்லாம் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் பற்றித்தான். வெளியே மண்டை பிளக்கும் வெயில்; படியில் மட்டும் ஈரம் காயவில்லை, கீழே அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் ஊறிப்போயின. மாடியில் அறை எடுத்திருந்த சந்திரமதியைக் கூப்பிட்டார். "அக்கா, உங்க கஸ்டமர் பிள்ளை போல. குடையை மடக்கச் சொல்லுங்க லா." அவள் இறங்கி வந்து பார்த்தாள். பையன் அவளைப் பார்க்கவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் அப்படியே நின்றிருந்தான். பள்ளிச் சட்டையில் பெயர் இருந்தது. முந்தின வாரம் அவள் இணையத்தில் ஏற்றிய நாவலில் ஒரு யதீசன் உண்டு என்பது நினைவுக்கு வர, கைப்பேசியில் திறந்தாள். வாங்குவதற்கு முன் யாரும் இலவசமாகப் படித்துப் பார்க்கக்கூடிய முதல் சில பக்கங்கள், 'குடையை மடக்காமலே படியேறி வந்த யதீசன் அம்மாவைப் பார்த்து' என்ற இடத்தில், வாக்கியம் முடியாமல் நின்றிருந்தன.

சந்திரமதியின் தொழில் மின்னூல் போடுவது. கப்பல் நிறுவனம் ஒன்றில் ஆட்குறைப்பில் வேலை போனபோது, வீட்டில் சும்மா உட்கார மனமில்லாமல் இதைக் கற்றுக்கொண்டாள். எழுதியவர்கள் கோப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எழுத்துரு உடையாமல் மாற்றி, அத்தியாயம் பிரித்து, அட்டை செய்து, விலை வைத்து, இணையப் புத்தகக் கடையில் ஏற்றித் தருவாள். கண்ணாடிக் கதவில் 'உங்களுக்கும் ஒரு வாசகர் உண்டு' என்று ஒட்டியிருந்தாள். ஒட்டிய புதிதில் அதை நம்பவும் செய்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கதையை எழுதியவர், கவிதை எழுதும் கணக்காய்வாளர் என்று பலரும் அந்தப் படியேறினார்கள். வெளியீட்டு விழாவும் குறைவில்லாமல் நடக்கும். மின்னூலை மேடையில் எப்படிக் கையில் கொடுப்பது என்று ஆரம்பத்தில் குழப்பம் வந்தது. அட்டைப்படத்தைச் சட்டம் போட்டு, அதையே முதல் பிரதி, சிறப்புப் பிரதி என்று கொடுப்பதாக முடிவாயிற்று. கொடுத்தவருக்கும் பொன்னாடை, வாங்கியவருக்கும் பொன்னாடை. வந்தவர்கள் அங்கேயே கைப்பேசியில் புத்தகத்தை வாங்கி, வடையும் தேநீரும் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்த் திறக்காமல் வைத்துக்கொள்வார்கள். ஆய்வுரை சொன்னவரே திறந்திருப்பாரா என்பது சந்தேகம். எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று காட்டும் கோடு சந்திரமதியின் கணினியில் எல்லாருக்கும் தரையோடு தரையாகக் கிடக்கும். ஆசையோடு கேட்பவர்களிடம், "இன்னும் அப்டேட் ஆகல சார்" என்பாள். இப்படிச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் கசந்துபோயிருந்தது. உண்மையில் அவளும் எதையும் படித்ததில்லை. எழுத்து உடைந்திருக்கிறதா என்று பார்ப்பாளே தவிர, கதையைப் பார்த்ததில்லை.

யதீசனின் கதையை எழுதியவர் அவனுடைய தாய் இராசமலர். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், புக்கிட் பாத்தோக்கில் வீடு, அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் முன்பே போய்விட்டார். ஒரே மகன் இருபத்தாறு வயதில், மழை பெய்த ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டு, விரைவுச்சாலையில் லாரி மோதி இறந்தான். அவனுடைய ஒன்பதாவது வயதிலிருந்து அந்தக் காலை வரை நடந்ததையெல்லாம் எழுதி, அதற்கு நாவல் என்று பெயர் வைத்து, விழா எதுவும் வேண்டாம் என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். சந்திரமதி தொலைபேசியில் சொன்னதும் ரயில் பிடித்து வந்தவர் கத்தவில்லை, மயங்கி விழவில்லை. கைக்குட்டையை எடுத்துப் பிள்ளையின் தலையைத் துவட்டினார். எவ்வளவு துவட்டியும் ஈரம் காயவில்லை. "தடிமன் பிடிக்கப் போகுது இவனுக்கு" என்று மட்டும் சொன்னார். சந்திரமதி மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து படி திரும்பும் இடத்தில் போட்டாள். அன்றிலிருந்து இராசமலர் தினமும் வந்து அதில் உட்கார்ந்துகொள்வார்.

நான்கு மாதம் இப்படியே போயிற்று. யாரோ ஒருவர் அந்த முதல் பக்கங்களைப் படித்து, முடிந்த இடத்தில் நிறுத்தி, கைப்பேசியில் அப்படியே வைத்திருக்கிறார் என்று சந்திரமதி கணக்குப் போட்டாள். பிள்ளையை நகர்த்துவதற்காக அவளே புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைத் தள்ளினாள். இராசமலரின் தங்கை மகள் ஆரணியும் வாங்கினாள். பிள்ளைக்காகப் படித்தவர்களுக்குப் பிள்ளை அசையவில்லை. அதற்குக் கதைக்காகப் படிக்கும் அந்நியர் ஒருவர் தேவைப்பட்டார், அது சிங்கப்பூரில் எவ்வளவு அரிய பொருள் என்று சந்திரமதியைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை புத்தகம் விற்றது. படியில் நின்ற பையன், "அம்மா, பசிக்குது" என்று வாக்கியத்தை முடித்தான். இராசமலர் விழுந்தடித்து ஓடி இட்டிலி வாங்கி வந்தார். அவன் தொடவில்லை. அந்தப் பக்கத்தில் அவன் தின்றது பாண் என்கிற ரொட்டியும் சம்பலும். எதிரே இல்லாத தட்டிலிருந்து அதைத்தான் எடுத்து எடுத்துத் தின்றான்.

அதன்பிறகு யதீசன் வளர்ந்தான். காலையில் மக்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் கொஞ்சம், மாலையில் வீடு திரும்பும் நேரத்தில் கொஞ்சம். சனி ஞாயிறுகளில் வளர்ச்சி கிடையாது. குரல் உடைந்தது, மீசை அரும்பியது, பரீட்சையில் தோற்று இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். மேலே வந்த எழுத்தாளர்கள் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஏறப் பழகினார்கள். இராசமலருக்கு முகத்தில் சதை போட்டது. அடுத்து என்ன வரும் என்று அவருக்கு வரிவரியாகத் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு நாளும் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். தலையை மழித்துக்கொண்டு தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணிக்குப் போன பக்கம் வந்தபோது, புத்தகத்தின் முகப்பில் சந்திரமதி கொடுத்திருந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. அவள் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அந்த எண்ணுக்கு வாசகர் எவரும் எழுதியதில்லை. எழுதியது பொங்கோலில் குடியிருக்கும் அகிலன், மின்தூக்கி பழுதுபார்ப்பவர். ரயிலில் வீடியோ பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று மனைவி திட்டியதால் படிக்கத் தொடங்கியவர். 'தலைமுடி வெட்டின இடத்தைப் படிச்சு எம்ஆர்டியிலேயே அழுதுட்டேன். எழுதினவங்ககிட்ட சொல்லுங்க' என்று எழுதியிருந்தார். இராசமலர் அதை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சந்திரமதிக்குக் கதவில் ஒட்டியிருந்த வாசகத்தைப் பார்க்க அன்றைக்குத்தான் கூச்சமாக இல்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் கேட்கக் கூடாததைக் கேட்டாள். "ஆன்ட்டி, கதை எப்படி முடியுது?" இராசமலர் மகனைப் பார்த்துக்கொண்டே, "நடந்த மாதிரித்தான் பிள்ளை" என்றார். சந்திரமதி மேலே போய்க் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். அவள் முழுதாகப் படித்த முதல் அத்தியாயம் அது. சின்ன அத்தியாயம், மழை, தலைக்கவசம், போயிட்டு வாறன் என்ற ஒரு சொல், பிறகு ஒரு தொலைபேசி. இவ்வளவு நாளும் யாராவது ஒருவராவது கடைசிவரை படிக்க மாட்டார்களா என்று ஏங்கியவள், இந்த ஒருவர் படித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். உடனே புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்தாள். எடுத்து என்ன பயன், விற்ற பிரதி வாங்கியவரின் கைப்பேசியில் இருந்தது. அங்கே அவள் கை நீளாது.

படியில் நின்ற யதீசனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. சந்திரமதி அகிலனுக்கு ஒரு பொய் எழுதினாள். கடைசி அத்தியாயத்தில் பிழை நேர்ந்துவிட்டது, தயவுசெய்து அதைப் படிக்க வேண்டாம், திருத்திய பதிப்பு விரைவில் வரும் என்று. அகிலன் தங்கமான மனிதர். 'ஓகேக்கா, வெயிட் பண்றேன். நல்ல காப்பியே படிக்கலாம் லா' என்று பதில் போட்டார். அந்த வாரக் கடைசியில், கடைசி அத்தியாயத்துக்கு முந்தின வரியில், யதீசன் வளர்வது நின்றது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு காலைக் கீழ்ப்படிக்கு நீட்டி, புறப்படுகிறவனாக நின்றான்.

இனி இராசமலர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகன் சாயங்காலம் வீடு திரும்பியதாக ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தால் அகிலனுக்கு அனுப்பிவிடலாம், யதீசன் திரும்பிப் படியேறி வந்துவிடுவான். இதைவிடச் சுலபமான வேலை எழுத்தாளருக்கு உண்டா என்றுதான் சந்திரமதி நினைத்தாள். இராசமலர் நாற்காலியில் உட்கார்ந்து, மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நாள் நாளாக எழுதினார். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டார். "வந்தவன் எண்டு எழுதலாம் பிள்ளை. வந்த பிறகு என்ன கதைப்பான்? இருபத்தேழு வயசில என்ட பிள்ளை எப்பிடிச் சிரிப்பான் எண்டு எனக்குத் தெரியேல்லையே" என்றார். பொறுக்க மாட்டாமல் சந்திரமதியே ஒன்று எழுதினாள். அன்றைக்கு மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை, யதீசன் விடுப்பு எடுத்து வீட்டில் படுத்துவிட்டான் என்று. இராசமலர் பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். இது வேற ஆரோட பிள்ளையோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அகிலன் வெள்ளிக்கிழமைதோறும் கேட்டார். வந்துச்சாக்கா? சந்திரமதி பழகிய வாயால், "இன்னும் அப்டேட் ஆகல தம்பி" என்றாள். தீபாவளி விளக்குகளைச் சிராங்கூன் சாலையில் கட்டினார்கள், அவிழ்த்தார்கள். இராசமலர் தினமும் வந்தார். ஆனால் அவர் முகத்தில் பழைய வெளிச்சம் இல்லை. கால் நீட்டியபடி நிற்கும் பிள்ளைக்குக் கால் வலிக்குமே என்று முழங்காலைப் பிடித்துவிடுவார். அவன் உட்காரவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தில் அவன் அன்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அதீஃப் வாடிக்கையாளரோடு பேரம் பேசிக்கொண்டிருக்க, சந்திரமதி மேலே அட்டைப்படம் செய்துகொண்டிருக்க, "அம்மா, போயிட்டு வாறன்" என்று யதீசன் சொன்னது இருவருக்கும் கேட்டது. சந்திரமதி ஓடி வந்தபோது இராசமலர் எழுந்து நின்றிருந்தார். அவர் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. படி காலியாக இருந்தது, காய்ந்தும் இருந்தது. சிறிது நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. 'சாரிக்கா. எத்தனை நாள்தான் காத்திருக்கிறது, முடிக்காம இருக்க முடியல, அவ்ளோ நல்ல கதை. பிழை இருந்தாலும் பரவால்லன்னு படிச்சுட்டேன். கடைசி அத்தியாயத்துல பிழை ஒன்னும் இல்லையேக்கா.' இணையக் கடையிலும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். சந்திரமதியின் கையால் ஏறிய புத்தகங்களில் எதற்கும் அதுவரை நட்சத்திரம் விழுந்ததில்லை.

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இராசமலர் அழவில்லை. அவருக்கு இது இரண்டாவது தடவை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திரும்பவும் விற்பனைக்குப் போடு பிள்ளை. விலை வேண்டாம், சும்மாவே குடு" என்றார். வேண்டாம் ஆன்ட்டி, மறுபடியும் இதையே பார்க்கணுமா என்று சந்திரமதி கையைப் பிடித்தாள். "பாப்பன்" என்றார் இராசமலர். "ஒன்பது வயசில இருந்து பாப்பன் எல்லோ."

புத்தகம் இலவசமாக இன்றும் கிடைக்கிறது. விலையில்லாததை எடுக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது. அகிலனுக்குப் பிறகு ஒரே ஒருவர் எடுத்தார். அன்று காலை பையன் குடையோடு படியில் வந்து நின்றான். சந்திரமதி தொலைபேசியில் சொல்ல, இராசமலர் புக்கிட் பாத்தோக்கிலிருந்து புறப்பட்டு ரயில் மாறி வந்து சேர்வதற்குள், எடுத்தவர் கைப்பேசியில் இடமில்லை என்றோ என்னவோ அழித்துவிட்டார். படியில் ஈரம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு இராசமலர் வீட்டில் இருந்துகொண்டு செய்திக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டார். அதீஃப் கடை திறக்கும்போது வந்து, அவர் கொடுக்கும் தேநீரை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால், கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பார். மடியில் தலை துவட்ட ஒரு துவாய் இருக்கும். பையில் பாணும் சம்பலும் இருக்கும்; பொழுது சாய்ந்ததும் அதை அதீஃபுக்குக் கொடுத்துவிடுவார். கதவில் ஒட்டியிருந்த வாசகத்தைச் சந்திரமதி சுரண்டி எடுத்துவிட்டாள். புதிதாகப் புத்தகம் போட வருகிறவர்கள் நாற்காலியைச் சுற்றி ஏறி வந்து, கீழே உட்கார்ந்திருக்கும் அம்மா யார் என்று கேட்பார்கள். எழுத்தாளர், யாராவது படிக்கத் தொடங்குவார்களா என்று காத்திருக்கிறார் என்பாள் சந்திரமதி. அப்படியா என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் தங்கள் கோப்பை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.