பெயர் வெட்டும் கூட்டம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எல்லாமே சட்டை மாற்றுவது போலத்தான். காலையில் ஒரு பக்கம், மத்தியானம் ஒரு பக்கம். கேட்டால் நிலைமை என்பார்கள். அந்தச் சொல்லே பேதுருவுக்கு ஆகாது. நிலைமை யாருக்குத்தான் இல்லை?

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், ஊர்விட்டு வந்தவர்களின் பந்தடிக் கழகம் கூடியிருந்தது. அரிசி மூட்டைகளின் மேல் பதினேழு பேர். விசாரணைக்கு வந்தவன் மடுத்தீன், பேதுருவின் தங்கை மகன். கழகத்தில் அவனைப் போல் பந்து கொண்டு ஓட ஆளில்லை. போன கிழமை அவன் பக்கத்து ஊர்க் கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு, சொந்த ஊருக்கு எதிராக இறங்கி இரண்டு கோல் அடித்திருந்தான்.

அப்படிப்பட்டவனின் பெயரை வெட்டுவது ஊர் வழக்கம். பழைய ஆட்டக்காரர்களில் மூத்தவர் முதலில் கை தூக்குவார், மற்றவர்கள் பின்னால் தூக்குவார்கள். மூத்தவரின் கை தனித்து நின்றதாக ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இங்கே மூத்தவர் பேதுரு. பாரிசில் கழகம் என்றால் வெறும் பந்தடி இல்லை. அறை பிடித்துக் கொடுப்பதும், நோயில் பார்ப்பதும், செத்தால் பெட்டிக்குப் பின்னால் நடப்பதும் அதுதான். பெயர் வெட்டுப்பட்டவன் இந்த நகரத்தில் அநாதை.

தலைவர் சூசைநாதன் தொண்டையைச் செருமினார். "கை தூக்க முன்னம் ரேமண்ட் ஐயா ஏதோ சொல்லப்போறாராம்."

ரேமண்ட் பாண்டிச்சேரிக்காரர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கழகத்துக்குப் பிரெஞ்சுக் கடிதமெல்லாம் அவர்தான் எழுதுவார். கையில் நூலகத்துப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்காட்லாந்துல டங்கன்னு ஒருத்தன். கப்பல் பட்டறையில ஆணி அறையிறவன். நாட்டுக்காக மூணு ஆட்டம் ஆடியிருக்கான். அப்போ அங்க பந்தடிக்கக் காசு வாங்கினா குத்தம். பட்டறையில வேலை போச்சு. இங்கிலாந்துல ஒரு பஞ்சாலை முதலாளி, எங்க ஊருக்கு ஆடு, வேலை தரேன்னான். போனான். சொந்த நாட்டுல அவன் பேரைப் பட்டியல்ல போட்டு, இனி இந்த மண்ணுல பந்தைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க."

"சரியாத்தானே செய்திருக்கினம்," என்றார் பேதுரு.

"ஆறு வருஷம் கழிச்சு அவங்களே காசு குடுத்து ஆட வச்சாங்க. திரும்பி வான்னு அவனுக்கும் கடுதாசி போட்டாங்க. அதுக்குள்ள அவன் நெஞ்சு நோயில போயிட்டான். முப்பத்தோரு வயசு. பஞ்சாலைக்காரங்கதான் பெட்டி தூக்கினாங்க. சொந்த ஊர்லேர்ந்து ஒருத்தரும் வரல."

மடுத்தீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை எழுதினவன் கண்ணாலை கண்டவனோ?" என்று கேட்டார் பேதுரு.

"இல்ல, முசியே பேதுரு. பழைய பத்திரிகைங்களப் பார்த்து எழுதியிருக்கான்."

"பத்திரிகைக்காரரை எனக்குத் தெரியாதே. சரி, விடுவம். அவன் தன்ரை ஊருக்கு எதிரா இறங்கிக் கோல் அடிச்சவனோ? அதைச் சொல்லுங்கோ."

ரேமண்ட் இரண்டு பக்கம் புரட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அது இதுல இல்ல."

"பிறகென்ன கதை."

மூட்டையொன்றின் மேலிருந்து யாரோ ஒருவன் சிரித்தான். அப்போதுதான் மடுத்தீன் நிமிர்ந்தான்.

"மாமா, வேலைக் கடதாசி இல்லாட்டி என்ரை வதிவிடக் கார்த்தைப் புதுப்பிக்கமாட்டாங்கள். பிளேனிலை ஏத்திவிடுவாங்கள். அங்கை சண்டைக்குள்ளை இறங்கினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். அந்தக் கழகத்தின்ரை தலைவர் தன்ரை ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவ எடுத்தார். தங்களுக்கு ஆடோணும் எண்டார். ஆடினன்."

"எங்களிட்டைக் கேட்டியோ?"

"கேட்டனான். உங்களிட்டைத்தான், ஆவணியிலை மடு மாதா திருநாள் அண்டைக்கு. பொறுத்திரடா எண்டியள். நாலு மாதம் பொறுத்தனான்."

பேதுருவுக்கு நினைவிருந்தது. பொறுத்திரு என்று சொன்னவருக்கு, இந்த ஊரில் யார் கதவைத் தட்டுவது, எந்தப் பாஷையில் கேட்பது என்று தெரியவில்லை. அதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"ரெண்டாவதையாவது வெளியாலை அடிச்சிருக்கலாமே," என்றார்.

"களவா ஆட எனக்குத் தெரியாது, மாமா."

சூசைநாதன் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "பேதுரு அண்ணை, உங்கடை கை."

பேதுரு கையைத் தூக்கினார். முழங்கை மடங்காமல், நேராக. யாரும் அசையவில்லை. சிரித்தவன்கூடக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். சூசைநாதன் மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரத்துக்குள் பேதுருவின் தோள் நடுங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் இறக்கவில்லை.

"மடுத்தீன்ரை பேர் நிக்குது," என்றார் சூசைநாதன்.

அதன் பிறகுதான் பேதுரு கையை இறக்கி, மேல்கோட்டை எடுத்து மாட்டினார். மடுத்தீன் எழுந்து வழிவிட்டு, "மாமா," என்றான்.

"உன்ரை பேர் நிக்கட்டும். அதுக்காக நீ செய்தது சரியெண்டு ஆகாது."

வெளியே மழை தூறியது. ஃபொபூர் சேன்-தெனி தெருப் பக்கம் திரும்பி, தோளைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். அந்த ஸ்கொட்லாந்துக்காரனின் பெட்டிக்குப் பின்னால் ஊரிலிருந்து ஒருவராவது போயிருக்கலாம்தான். அதற்காக? இவ்வளவு பேரும் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தால் பிழை சரியாகிவிடுமா என்று முணுமுணுத்தபடியே தெருவைக் கடந்தார்.