அரை வாட்ச்மேன்

பதற்றத்துக்கு மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து என் தலைக்குள் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். பெயர் குருவையா. கேட் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூளைக்குள் ஓடி வருகிற எதையும் "மெல்லப் போங்க" என்பார். நல்ல மனுஷர்.

என் வீட்டுக்காரர் மருதமுத்து பஸ் மோதிச் செத்ததிலிருந்து, சாயங்காலமானால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை நடுங்கும். இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றுதான் டாக்டரம்மா மாத்திரை எழுதினார். நான் அதே சீட்டை நீட்டி மெடிக்கலில் ஒரு வருஷம் வாங்கிவிட்டேன். பயம் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வேறு சிலதும் போயின. அடுப்பில் பால் வைத்தது, மகள் வீட்டு விலாசம். அதெல்லாம் போகட்டும். அவர் குரல் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் வந்தாரா?" என்று குருவையாவிடம் கேட்டேன்.

"தெனம் வர்றாரும்மா."

"ஏன் உள்ள விடல?"

"பயமும் கூடவே வருது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சட்டை. எனக்கு ஆள் தெரியல."

டாக்டரம்மாவிடம் போய், குருவையாவை அனுப்பிவிடச் சொன்னேன்.

"ஒரேயடியா அனுப்புனா வலிப்பு வந்துரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றார். பிளேடை எடுத்துக் குருவையாவை இடுப்போடு இரண்டாக வெட்டினார். கால்களை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

அன்று சாயங்காலம் கை நடுங்கியது. கேட் திறந்தது. மருதமுத்து இடுப்புக்குக் கீழே மட்டும் உள்ளே வந்தார். வழக்கம்போல வலது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

"மிச்சம் எங்க?"

"அரை ஆளா இருந்துக்கிட்டு முழு ஆளை விட எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார் குருவையா.

"காபி போடட்டுமா?" என்று கால்களிடம் கேட்டேன். பதில் சொல்ல வேண்டிய வாய் வெளியே நின்றது. எனக்கு அழ வேண்டும் போலிருந்தது. ஒரு கண் மட்டும் நனைந்தது.

கால்கள் வாசல் பக்கம் திரும்பின.

"சொல்லிட்டாவது போங்க" என்றேன்.

"சாவு வீட்டுல இருந்து சொல்லிக்கிட்டுப் போக மாட்டாங்கம்மா" என்றார் குருவையா.

"அவர் செத்துத்தான் ஒரு வருஷம் ஆச்சே."

"நான் அவரைச் சொல்லல."

குருவையா என்னைப் பார்த்து, மரியாதைக்கு எழுந்து நிற்க முயன்றார். கால்கள் டிராயரில் இருந்தன.