சி பிளஸ் கேட்டுப் போனவன்

மார்க்கைக் குறைத்துப் போடுங்கள் என்று கெஞ்சுவதற்காக ஹானுல், பேராசிரியர் பியோனின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். டிசம்பர் இருபத்தெட்டு. பரீட்சை முடிந்து பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் நான்காவது மாடியில் ஹீட்டரைக்கூட அணைத்துவிட்டார்கள். கால்விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

கேட்கிறவர்கள் இவனுக்கென்ன கிறுக்கா என்பார்கள். அந்தக் கல்லூரியின் சட்டம் அப்படி. சி பிளஸோ அதற்குக் கீழோ வாங்கியவன் அடுத்த வருடம் அதே பாடத்தை மறுபடி எழுதலாம், பழைய கிரேடு அழிந்துவிடும். பி மைனஸ் வாங்கிவிட்டால் போச்சு, சாகிறவரை அது பி மைனஸ்தான். பியோன் நடத்துகிற வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் ஏ இல்லாதவனை அதிர்வு ஆய்வுக்கூடம் வாசல்படி ஏற விடாது. நிலநடுக்கத்தில் பாலம் எப்படி ஆடும் என்று கணக்குப் போடுகிற இடம் அது. ஹானுலுக்கும் அவன் அறைத்தோழன் உஜினுக்கும் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அதைவிட்டால் வேறு நினைப்பே கிடையாது.

இடைத்தேர்வில் இரண்டு பேரும் மண்ணைக் கவ்வினார்கள். கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் நின்றபடி கப் நூடுல்ஸ் தின்றுகொண்டே உஜின்தான் யோசனை சொன்னான்.

"இனிமே ஏ வராதுடா. கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன். கடைசி ரெண்டு கேள்விய ரெண்டு பேருமே விட்டுட்டு எந்திரிச்சிரலாம். சி பிளஸ்ல விழுவோம். அடுத்த வருஷம் ஒண்ணா உக்காந்து படிச்சு ஏ அடிக்கலாம்."

"நீ விட்டுட்டு நான் எழுதிட்டேன்னா?"

"எழுதித்தான் பாரேன், கொன்னுருவேன்" என்று சிரித்துவிட்டு, உஜின் தன் அவித்த முட்டையில் பாதியை அவன் கப்பில் போட்டான்.

மறுநாள் உஜின் சொன்னபடியே அரைமணி முன்னதாக எழுந்து, கண்ணடித்துவிட்டு வெளியே போனான். ஹானுலும் எழுந்திருக்க வேண்டியவன்தான். விட வேண்டிய இரண்டில் ஒன்றான ஆறாவது கேள்வி கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஆடுகிற ஒரு சுருள்வில், அது ஆடுகிற அதே தாளத்தில் வெளியிலிருந்து ஒரு தள்ளு. வழக்கமான ஊகத்தைப் போட்டால் இடதுபக்கம் பூஜ்ஜியமாகிவிடும். அந்த ஊகத்தை நேரத்தால் ஒருமுறை பெருக்கினால் விடை தானாக வந்து விழும். போன வாரம் உஜின் அதை மூன்று தடவை அவன் மண்டையில் ஏற்றியிருந்தான். ஒருவேளை ஏ வந்துவிட்டால்? பாழாய்ப்போன கை சும்மா இருக்கவில்லை. எழுதித் தள்ளிவிட்டான்.

வந்தது பி மைனஸ். உஜினுக்கு சி பிளஸ். "எனக்கும் அதேதான்டா" என்று ஹானுல் வாய்கூசாமல் சொல்லிவிட்டான். அந்தப் பொய்யை நிஜமாக்கத்தான் இப்போது இந்த வாசலில் நிற்கிறான்.

பேராசிரியர் பியோன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"இங்க பாருப்பா, பி இத்தனை பேருக்குத்தான்னு எண்ணிக்கை இருக்கு. உன்னை எறக்கினா அடுத்து நிக்கிற ஆளு மேல ஏறிருவாரு."

"அவருக்கு நல்லதுதானே மேடம்?"

"நல்லதா கெட்டதான்னு நான் என்னத்தக் கண்டேன்? அஞ்சு மணிக்குப் பட்டியல மூடிருவாங்க. அப்புறம் துணைவேந்தரே வந்தாலும் மாத்த முடியாது. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் மேடம்."

அவர் கணினியில் கிரேடை மாற்றியதும் அப்பாடா என்றிருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். விடுதிக்கு வந்து கதவைத் திறந்தால், உஜின் கட்டில் ஓரத்தில் போனும் கையுமாகப் பேயறைந்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

"டேய், இங்க பாருடா. காலைல சி பிளஸ். இப்ப பி மைனஸ்ங்குது. எவனோ ஒரு நாய் போயி கெஞ்சி எறங்கியிருக்கான். அவன் எடத்துல என்னத் தூக்கி வெச்சுட்டாங்க."

ஹானுல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அந்த அடுத்த ஆள் யாரென்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா!

உஜின் அவன் முன்னாலேயே பேராசிரியருக்குப் போன் போட்டான். குரல் வெளியே கேட்டது.

"ஒருத்தருக்கு மாத்திட்டேன் உஜின். இனி ஒவ்வொருத்தரா எறங்க ஆரம்பிச்சா இதுக்கு முடிவே இல்ல. அவரே வந்து பழைய கிரேடே போதும்னு சொன்னா மாத்தறேன். அஞ்சு மணிக்குள்ள. பேரு மட்டும் கேக்காத."

மணி நாலு பத்து. உஜின் வகுப்பு அரட்டைக் குழுவில் தட்டினான். 'யாரா இருந்தாலும் சரி, கோவப்பட மாட்டேன். தயவுசெஞ்சு போய்ச் சொல்லுங்க. நான் வேணும்னே ரெண்டு கேள்விய விட்டவன்.' செய்திக்குப் பக்கத்தில், இன்னும் படிக்காதவர்களின் எண்ணிக்கை நாற்பத்தொன்று என்று காட்டியது. பிறகு முப்பது. பிறகு பன்னிரண்டு. ஒருவரும் பதில் போடவில்லை.

ஹானுலின் போன் பாக்கெட்டிலேயே கிடந்தது. எந்திரிடா, பத்து நிமிட நடை, போய்ச் சொல்லிவிட்டு வா என்று தன்னையே திட்டிக்கொண்டான். போனால் ஆய்வுக்கூடம் போச்சு. எழுதியதும் தெரிந்துவிடும், பொய் சொன்னதும் தெரிந்துவிடும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

நாலே முக்காலுக்கு அந்த எண் ஒன்றில் வந்து நின்றது.

"ஒரே ஒருத்தன்தான் பாக்கல" என்றான் உஜின். "அவனாத்தான்டா இருக்கும். ஊருக்குப் போற பஸ்ல தூங்கிட்டிருப்பான் பாவம். பாத்தா கண்டிப்பாப் போய்ச் சொல்லிருவான்."

உஜின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தேகாலும் ஆயிற்று.

"போச்சு" என்று உஜின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "விடு. நீயாச்சும் அடுத்த வருஷம் ஏ வாங்கி உள்ள போ. நான் சொல்லித் தர்றேன்."

அந்த வார்த்தையைத்தான் ஹானுலால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால்கூட உட்கார்ந்திருப்பான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, குழுவைத் திறந்தான்.

உஜினின் திரையில் அந்த ஒன்று மறைந்தது. அவன் திரையைப் பார்த்தான். பிறகு ஹானுலின் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"இப்பத்தான் பாக்குறியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்ல" என்றான் ஹானுல்.