பெயர் அடிபட்ட வாரம்

தென்காசியில் எங்கள் சபைக் கோயில் வாசலில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று விண்ணப்பத்துக்கு, மற்றது ஸ்தோத்திரத்துக்கு. வேண்டியதைச் சீட்டில் எழுதி முதல் பெட்டியில் போட்டால் ஞாயிறு ஆராதனையில் ஐயர் வாசிப்பார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம். வேண்டியது கிடைத்துவிட்டால் நன்றி எழுதி இரண்டாவது பெட்டியில். அதோடு விண்ணப்பப் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். கிடைத்த பிறகும் கேட்பது பேராசை என்பது சபையாரின் எண்ணம்.

1962 அக்டோபரில் சீனாக்காரன் எல்லையில் இறங்கியதிலிருந்து அந்தப் பட்டியலில் நான்கு பட்டாளத்துக்காரர்களின் பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று என் வீட்டுக்காரர் ஹவில்தார் வேதக்கண்.

போன லீவு முடிந்து கிளம்பும்போது அவர் சொல்லியிருந்தார்: "அடுப்பு பத்த வைக்கதுக்கு முன்னால தினமும் ஏதாவது ஒண்ணுக்கு நன்றி சொல்லு, ஞானப்பூ."

நான் வாயாடி. "வெறகு ஈரமா இருந்தா?" என்றேன்.

"வெறகு இருக்குல்லா, அதுக்குச் சொல்லு."

சொல்லிக்கொண்டுதான் வந்தேன். சாரல் நாளில் துணி காய்ந்ததற்கு, தேங்காய் அழுகாமல் இருந்ததற்கு. சொல்லச் சொல்ல அது பிடித்தும் போயிற்று. சண்டை தொடங்கிய பிறகு வாய்தான் சொன்னது. சோறு இறங்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே சாவுத் தந்தியோ என்று வாசலுக்கு ஓடினேன்.

நவம்பர் பத்தாம் தேதி, சனிக்கிழமை, அவர் கடிதம் வந்தது. "கர்த்தருடைய கிருபையால் நான் சுகம்" என்று முதல் வரி. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்படியே கோயிலுக்கு ஓடி, கணவர் சுகமாயிருப்பதற்காக ஸ்தோத்திரம் என்று எழுதி இரண்டாவது பெட்டியில் போட்டேன். மறுநாள் ஐயர் வாசித்தார். சபை மொத்தமும் ஆமென் சொன்னது. வேதக்கண் பெயர் அடிபட்டது. அன்று மத்தியானம் மூன்று வாரத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுச் சந்தனமாரி அக்கா, கடிதத்தைத் தனக்கும் வாசித்துக் காட்டச் சொன்னாள். பெருமையாக வாசித்தேன். தீபாவளிக்கு மற்றவர்கள் ஊருக்குப் போகப் போகிறார்கள், எனக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் லீவு என்று அவர் எழுதியிருந்த இடத்தில் அக்கா நிறுத்தினாள்.

"ஏட்டி, இனிமேத்தான் தீபாவளின்னுலா எழுதியிருக்காரு? அது போயி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சே."

தாளின் மூலையைப் பார்த்தேன். அக்டோபர் பன்னிரண்டு. சண்டை தொடங்கியது இருபதாம் தேதி.

அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்குப் பழகியிருந்தது. இது வேறு பயம். சபையில் நூற்றைம்பது பேர் அவருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயை என் கையாலேயே அடைத்துவிட்டேன். இந்த இரண்டு நாளில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது நான் செய்ததுதான்.

ஐயர் வீட்டுக்கு ஓடினேன். தெருத் திருப்பத்தில் தந்தி கொண்டுவரும் மூசா அண்ணாச்சி சைக்கிளில் எதிரே வந்தார். நான் நின்றுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு இல்லம்மா, இது இலஞ்சிக்கு" என்று கையை ஆட்டியபடியே போனார். இலஞ்சியில் யார் வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கில்லை என்றதும் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஐயர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "போன வாரம் ஸ்தோத்திரம், இந்த வாரம் விண்ணப்பமா? சனங்க கொழம்பிருவாங்கம்மா. ஸ்தோத்திரத்த வாபஸ் வாங்குனதா அறிவிச்சிரட்டுமா?"

எனக்குக் கோபம் வந்தது. "வாபஸ் வாங்க மாட்டேன் ஐயா. பன்னெண்டாந் தேதி அவுக சுகமாத்தான இருந்தாக? அந்த நாளு பொய்யில்ல. அது அப்படியே இருக்கட்டும். நீங்க பேர இப்பவே எழுதுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் என்னால பொறுக்க முடியாது, இப்பவே ஜெபம் பண்ணுங்க."

அவர் அங்கேயே முழங்காலிட்டார். ஐயரம்மாவும் அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். நூற்றைம்பது பேர் இருந்த இடத்தில் அன்று நாங்கள் மூன்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு பெட்டியிலும் சீட்டுப் போட்டேன். ஐயர் விண்ணப்பப் பட்டியலில் வேதக்கண் பெயரை வாசித்தார். பிறகு ஸ்தோத்திரச் சீட்டுகளை எடுத்தார். என்னுடையதைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ஞானப்பூ வேதக்கண். இந்த வாரம் ஏழு நாளும் தந்தி வராததற்காக ஸ்தோத்திரம்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து லேயாளின் குரல் கேட்டது. பட்டியலில் அவள் புருஷன் பெயரும் உண்டு. அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு பட்டாளத்துக்காரர்கள் நான்கு பேர் வீட்டிலிருந்தும் அதே வாசகத்தோடு சீட்டுகள் வந்தன. அதற்குள் சண்டை நின்றுவிட்டதாக ரேடியோ சொல்லியிருந்தது. தந்திகள் மட்டும் நிற்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மூன்று சீட்டுகள்தான். லேயாளுடையது இல்லை. ஆனால் அவள் கோயிலுக்கு வந்திருந்தாள். ஐயர் என் சீட்டை வாசித்தபோது, அன்றும் அவள்தான் முதலில் ஆமென் சொன்னாள்.