இர்சாவுக்குத் தெரிந்தது

ரூனாவும் இர்சாவும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைச் சகோதரிகள். அவர்களுக்கு மூன்று வயதானபோது அப்பா இறந்தார். மலையில் மேய்ந்த ஆடுகளைக் கீழே ஓட்டிவந்தவர், பட்டியின் கல் சுவரில் உட்கார்ந்து தலை வலிக்கிறது என்றார். அப்படியே சாய்ந்துவிட்டார். வயது இருபத்தெட்டு. அவருடைய அக்காவும் முப்பதைத் தொடாமலே அதே மாதிரிப் போனவர். மூளையில் ரத்தக்கசிவு. பிரெய்தா வளைகுடாவின் கரையோரம் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இதுதான் கதை. இருபதாம் குரோமோசோமில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். பெற்றவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ரூனா ஊரிலேயே, படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தாள். கணவன் கோல்பெய்ன் மீன் பிடிப்பவன். நான்கு வயதில் பிர்தா என்றொரு மகள். இர்சா தலைநகர் ரெய்க்யாவிக்கில் கணக்கு டீச்சர். அங்கே இந்த நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, ஊருக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமை, வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்துகொண்டு பேச்சை எடுத்தாள்.

"ரத்தம் குடுக்கப் போறேன் ரூனா. இருக்குன்னு வந்தா மருந்து தருவாங்க."

"போயேன். என்னை எதுக்குக் கேக்குறே?"

"மருந்து சோதிக்கிற டாக்டர் ஹியால்மர்தான் உன்கிட்ட கேக்கச் சொன்னாரு. எனக்கு என்ன வருதோ அதுதான் உனக்கும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்துதான்."

ரூனா முகத்தில் வெந்நீரை அள்ளி ஊற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரிய வேண்டாம். நீ தெரிஞ்சுக்கோ. ஆனா என்கிட்ட மூச்சு விடாதே."

"இல்லைன்னு வந்தாக்கூடவா?"

"இல்லைன்னா மட்டும் நீ சொல்லுவேன்னு வெச்சுக்கோ. அப்போ நீ சொல்லாம இருந்தாலே இருக்குன்னு ஆயிடுமே. கணக்கு டீச்சர்தானே நீ?"

இர்சா சிரித்துவிட்டாள். சத்தியமும் செய்து கொடுத்தாள்.

கோடைக் கடைசியில் வந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. மலையிலிருந்து ஆடு இறக்கப் போனார்கள். பிர்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடினாள். ரூனா அவளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தாள். சாப்பாட்டில் உப்புப் போடும்போது பார்த்தாள், கார் சாவியைத் தேடும்போது பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் பார்த்தாள்.

"அவ நல்லாத்தானே இருக்கா," என்றான் கோல்பெய்ன்.

"அதான் பயமா இருக்கு. இவ்வளவு நல்லா அவ எப்பவுமே இருந்ததில்லை."

இலையுதிர் காலத்தில் இர்சா தன்னோடு இருந்த காதலனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "குறட்டை விடுறான்," என்றாள். ரூனா மேற்கொண்டு கேட்கவில்லை. தொலைபேசியில் இருவரும் வானிலையைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. வழக்கம்போல ரூனா வீட்டில் இலை ரொட்டி சுட்டார்கள். அப்பளம்போல் தேய்த்த மாவில் இர்சாவும் பிர்தாவும் கத்தியால் பூவேலை செய்ய, கோல்பெய்ன் கொதிக்கும் கொழுப்பில் பொரித்தான். சமையலறை முழுக்கப் புகை. ரூனா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"தலை வலிக்குது. அந்த ஜன்னலைத் திறங்களேன்."

தானே போய் ஜன்னலைத் திறந்துவிட்டு ரூனா திரும்பியபோது இர்சாவின் காதில் போன் இருந்தது. "ஆம்புலன்ஸ் வேணும்," என்று அவள் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கவில்லை. பல நாள் மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல இருந்தது. "இருபத்தஞ்சு வயசு. மூளையில ரத்தக்கசிவு வர்ற குடும்பம். பரிசோதனையில உறுதியாயிருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கோல்பெய்ன் அடுப்பை அணைத்தான். பிர்தா மட்டும் நாக்கைத் துருத்திக்கொண்டு மாவை வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள். வெறும் தலைவலிதான் என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு ரொட்டி தின்றுவிட்டுப் போனார்கள்.

"எப்போ தெரியும்?" என்றாள் ரூனா.

"மே மாசம்."

"இத்தனை மாசமா தனியாவா வெச்சிருந்தே?"

"நீதானேடீ சொல்லாதேன்னே."

ரூனா அழவில்லை, திட்டவுமில்லை. பிர்தாவின் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கி வைத்தாள். குழந்தையின் முகத்தை அவள் பார்த்த விதத்தைக் கண்டு கோல்பெய்ன் வெளியே போய்விட்டான். பிர்தாவுக்கும் பாதிக்குப் பாதி. ஆனால் குழந்தைகளைச் சோதிக்க மாட்டார்கள். பதினெட்டு வயதானதும் அவளே முடிவு செய்ய வேண்டும்.

ஜனவரியிலிருந்து ரூனாவும் மருந்து சாப்பிட ஆரம்பித்தாள். மாதம் ஒருமுறை இருவரும் ஹியால்மரிடம் போனார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று ரூனா கேட்டபோது, "பொய் சொல்ல மாட்டேம்மா, இன்னும் தெரியலை," என்றார் அவர்.

ஏப்ரலில் அங்கிருந்து விடுமுறைக்கு இருவரும் ஊர் திரும்பும் வழியில் காபி குடிக்கக் காரை நிறுத்தினார்கள். இர்சாவின் இடது கையிலிருந்து கோப்பை நழுவியது. அவள் குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஏதோ சொன்னாள், வார்த்தையாக வரவில்லை. இந்தத் தடவை போன் செய்தது ரூனா.

சின்னக் கசிவு, பிழைத்துக்கொண்டாள். இடது காலை இழுத்து நடக்கிறாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரூனா வீட்டுக்கே வந்துவிட்டாள். கோல்பெய்ன் அவளுக்காக மாடிப்படியில் கைப்பிடி அடித்துக் கொடுத்தான்.

"நீ எப்பப் பாத்தாலும் என்னையே பாக்குறே," என்றாள் இர்சா ஒருநாள், வார்த்தைகளைத் தேடித் தேடி.

"உன்னைப் பாக்கலை," என்றாள் ரூனா.

அன்று மாலை படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும்போது, தன் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். எல்லாம் அசைந்தன. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவள் மறுபடியும் மடக்கிப் பார்த்தாள்.