பக்கத்துப் பலகைக்குப் போன குண்டுகள்

1928க்குப் பிறகு ஆம்பூர் இஷ்தியாக் அகமது சுட்ட குண்டு ஒவ்வொன்றும், பக்கத்துப் பலகையில் அதே ஊர் ரஷீத் அஹமது போட்ட துளைக்குள்ளேயே போய் விழுந்தது. வேலூரில் வருஷாவருஷம் குறிசுடும் போட்டி நடத்திய கமிட்டியார் இதற்கெல்லாம் பதறவில்லை. எந்தப் பலகையில் குண்டோ அந்தப் பலகைக்காரருக்கே புள்ளி என்று விதியில் சேர்த்துக்கொண்டார்கள்.

வினை ஒரு சாப்பாட்டில் ஆரம்பித்தது. இஷ்தியாக்கின் மனைவி முனவ்வர் பேகம் சால்னா ஊற்றிக்கொண்டே, “ரஷீத் பாய் இந்த வருஷமும் கப் வாங்கிட்டாராமே, இன்னா நிதானம் அவருக்கு!” என்றாள். இஷ்தியாக்குக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை அவள் ஒரு வார்த்தை மெச்சியதில்லை. அந்த வாயால் தன்னைப் பற்றி ஒரு நல்ல பேச்சு கேட்காமல் ஓய்வதில்லை என்று துப்பாக்கி வாங்கக் கிளம்பினார்.

ரஷீத்தின் துப்பாக்கி பார்வைக்குச் சுமார்தான். குழல் கனம்; தோளில் அண்டும் கட்டை, ரேகை நேராக ஓடிய பழைய வால்நட் மரம். இஷ்தியாக் மதராஸில் அதே குழலைக் கேட்டு வாங்கினார். கட்டையில் மட்டும் ரஷீத்தை மிஞ்ச நினைத்து, சுழிசுழியாக ரேகை மின்னியதை எடுத்தார். ஐப்பசி மழையில் அது ஊதிக் குழலை நெருக்கியது. குண்டு ஒருநாள் மேலே போனது, ஒருநாள் இடப்பக்கம் போனது. ஒடுகத்தூர்த் தச்சன் கன்னியப்பனை வரவழைத்து ஈட்டி மரத்தில் புதுக்கட்டை செதுக்கச் சொன்னார். மரம் ஆற வருஷக்கணக்காகும் என்றான் அவன். அதுவரை பொறுக்க இவரால் ஆகுமா? பச்சைத்தோலை அழுகாமல் காக்கிற ஆவாரம்பட்டைத் தண்ணீர் மரத்தைக் காக்காதா என்று, கட்டையைத் தன் தோல் ஷாப்புக் குழியில் இறக்கிவிட்டார்.

பட்டைக்குழி ஓரத்தில் அடுத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது தோல் ஷாப்பு வழக்கம். இஷ்தியாக்கோ அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரஷீத்தின் கண், ரஷீத்தின் கை, ரஷீத்தின் கப் என்று பொருமிக்கொண்டிருந்தார். குழிவேலை பார்த்த தானியேல் தடுத்துப் பார்த்தான்.

“வாணாம் மொதலாளி. இங்க பேசறதெல்லாம் ஊறிப்போய்டும். அப்புறம் எவ்ளோ கழுவினாலும் போகாது.”

கட்டை நன்றாகவே ஊறியது. 1928இல் அதைக் குழலோடு பூட்டினார்கள். அதன்பின் மழைக்கும் அசையவில்லை, வெயிலுக்கும் அசையவில்லை. மாகாணத்திலேயே அவ்வளவு துல்லியமான துப்பாக்கி வேறு கிடையாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கப் மட்டும் ரஷீத் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது.

1936இல் ரஷீத் காய்ச்சலில் இறந்தார். அந்த வருஷம் பக்கத்துப் பலகை காலி. இஷ்தியாக் ஆசை ஆசையாகக் குறிபார்த்துச் சுட்டார். பலகையில் ஒன்றும் விழவில்லை. முப்பது மைலுக்கு அப்பால், ஆம்பூர் கபுருஸ்தானில், ரஷீத்தின் தலைமாட்டுக் கல்லில் ஒரே துளைக்குள் எல்லாக் குண்டுகளும் இருந்தன. கமிட்டியார் விதிப்படி கப்பை ரஷீத் பேருக்கே கொடுத்தார்கள். வாங்க ஆள் வராததால் இஷ்தியாக்கே அதைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்தார்.

முனவ்வர் பேகம் அதை முந்தானையால் துடைத்து வைத்தாள். “அவர் வூட்டுக்காரிகூட அவரை இவ்ளோ நெனச்சிருக்க மாட்டா. உங்களுக்குப் பெரிய மனசுதாங்க” என்றாள்.

இஷ்தியாக் ஏங்கிக் கிடந்த நல்ல வார்த்தை அதுதான். அடுத்த வருஷமும் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் கபுருஸ்தான் பக்கம் யாரும் ஆடு மேய்க்கப் போகவேண்டாம் என்று ஆம்பூரில் தண்டோரா போட்டார்கள்.